இல்ஃபோர்டில் போட்ட பொய்க் கிராமம்

எனக்கு வயது எண்பத்தொன்று. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி; எழுத்து கோணலாகத்தான் வரும், வாசிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இளம் பிள்ளைகளைத் தொண்டு செய்ய வெளிநாடு அனுப்புவதை பிரிட்டிஷ் அரசாங்கம் நிறுத்திவிட்டதாம். நேற்றுத் தொலைக்காட்சியில் ஒரு கனவான் துக்கம் கொண்டாடினார். நான் இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மணம் போதும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் கடைசியில் இல்ஃபோர்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட.

மூத்தவள் வசந்தி யாழ்ப்பாணத்தில் படித்த மருத்துவிச்சி. அகதியாக வந்து, இங்கே முதியோர் இல்லத்தில் கிழவர்களுக்குக் காலுறை போட்டுவிட்டாள். ஆபிரிக்காவுக்குத் தொண்டர்களை அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போகவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"சம்பளம் வேண்டாம் அம்மா. இந்தக் கை ஒரு பிள்ளையை ஏந்தி எவ்வளவு காலம்."

நேர்முகத்தில் ஒரு வெள்ளைக்காரி மிக மரியாதையாகச் சொன்னாளாம், பிரிட்டிஷ் பாஸ்போட் உள்ளவர்களைத்தான் அனுப்பலாம், அது அரசாங்கத்தின் கொள்கை என்று. கொள்கை என்பது இவர்களுக்கு மேசையில் வைக்கும் பெரிய பூச்சாடி. அதற்குப் பின்னால் ஆள் முகம் தெரியாது.

பிறகு அந்த வெள்ளைக்காரியே எனக்கு ஆள் அனுப்பினாள். போகப்போகும் பிள்ளைகள் பழகிப்பார்க்க மண்டபத்தில் ஒரு பொய்க் கிராமம் போடுகிறார்களாம். நான் கிராமத்துப் பெண்ணாக நடிக்கவேண்டுமாம். யாழ்ப்பாண நகரத்தில் மாடிவீட்டில் இருந்தவள் நான். ஆனாலும் போனேன். அவர்கள் மனம் குளிர்ந்தால் வசந்திக்கு ஒரு வழி பிறக்காதா என்றுதான்.

தரையில் பாய், பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. பல்கலைக்கழகம் விட்டு வந்த பொடியன் ஒருவன் குந்தத் தெரியாமல் குந்தி, உங்கள் கிராமத்துக்கு என்ன தேவை என்றான். கிணறு என்று சொல்லச் சொல்லித்தந்திருந்தார்கள். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்:

"நீ வரத் தேவையில்லை தம்பி. என்ர மகள் பிள்ளைப்பேறு பாக்கிறவள். அவளை அனுப்பு."

அந்த வெள்ளைக்காரி கைதட்டினாள், எல்லோரும் தட்டினார்கள். அபாரமான நடிப்பாம். நான் நடிக்கவில்லை என்றேன். அதற்கும் சிரிப்பு. இஞ்சி பிஸ்கட் பொதி ஒன்றைக் கையில் தந்து அனுப்பினார்கள்.

வசந்தி வீட்டு வாசலிலேயே நின்றாள்.

"என்னம்மா சொன்னவை?"

"கை தட்டினவை" என்றேன்.

அந்தப் பொடியன் ஆபிரிக்கா போய், அங்கே மழைக்காலம் முடிவதற்கு முதலே திரும்பி வந்தான். அங்கே போனதில் தன்னையே அறிந்துகொண்டானாம். அதே மண்டபத்தில் மேடையேறிப் பேசினானாம். தன்னை அறிய ஒருவனுக்கு அவ்வளவு தூரம் வேண்டியிருக்கிறது, அதற்கு டிக்கட்டும் அரசாங்கம் போடுகிறது.

வசந்திக்கும் பாஸ்போட் வந்தது, சில வருடம் கழித்து. அதற்குள் கலியாணம், பிள்ளைகள், வீட்டுக்கடன். அந்தப் பாஸ்போட் கனடாவில் நடந்த ஒரு கலியாணவீட்டுக்குப் போய்வர உதவியது. மண்டபத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இப்போது கொள்கையும் போய்விட்டது. இவற்றுக்கெல்லாம் நான் ஏன் அழவேண்டும்? சோற்றுக்கையோடு ஆபிரிக்கா ஆபிரிக்கா என்று கதைத்த ஒருத்தி அந்த நாளில் எங்கள் மேசையில் இருந்தாள். அவளைத்தான் காணவில்லை.

வசந்தியின் மகள் பக்கத்தில் இருக்கிறாள். இந்தா பிள்ளை, வாசி. உரத்து வாசி. குசினியில சமைச்சுக்கொண்டு நிக்கிற உன்ர அம்மாவுக்குக் கேக்கவேணும்.