கதவில் நிற்கும் முத்துக்கருப்பன்

நெதர்லாந்தில் எங்கள் தெருத் தபால்காரர் என் பெயரைப் படிக்க ஆரம்பித்துப் பாதியிலேயே கைவிட்டுவிடுவார். இங்கே வாசற்கதவில் குடும்பப் பெயரை எழுதி வைப்பது வழக்கம். பக்கத்து வீட்டு டச்சுக்காரர் யானின் கதவில் நான்கே எழுத்து. எங்கள் கதவில் முத்துக்கருப்பன். பலகை போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஊரில் இந்தப் பெயர் அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒற்றை 'மு.'வாக ஒடுங்கிக் கிடந்தது. இங்கே வந்து பதிவு செய்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார்கள். எல்லாரையும்போல் அப்பா பெயரை எழுதாமல், பெரிய மனது பண்ணித் தாத்தாவையே எழுதினேன். மகள் கயலுக்கும் அதுவேதான். "இது வெறும் பெயரில்லை, வரலாறு" என்று அலுவலகக் காபி இயந்திரத்தின் முன்னால் எத்தனை பேரைப் பிடித்து வைத்துப் பேசியிருப்பேன்! அவர்களுடைய காபி ஆறியதுதான் மிச்சம்.

யான் ஓய்வுபெற்றவர். தன் முன்னோர்களை ஏழு தலைமுறைக்குத் தோண்டி எடுத்து வைத்திருப்பவர். கயலின் பிறந்தநாளுக்கு வம்சாவளி எழுதும் தாள் ஒன்றைப் பரிசளித்தார். எல்லாம் காலிக் கட்டங்கள். "உங்களுக்குச் சுலபம்தானே, தாத்தாவின் பெயர் கதவிலேயே இருக்கிறதே" என்றார். விடுப்பில் எங்கள் ஊரான சேரம்பாடிக்குப் போனபோது அந்தத் தாளையும் சுருட்டிக்கொண்டு போனேன். தேயிலைக்கு நடுவே வீட்டுக்கு ஏறுவதற்குள் காலில் ஓர் அட்டைப்பூச்சி. முன்பெல்லாம் பேசிக்கொண்டே தட்டிவிடுவேன். இந்த முறை அலறினேன். அப்பா வாசலில் நின்று சிரித்தார்.

அப்பா தகரப் பெட்டியிலிருந்து பழைய குடும்ப அட்டையை எடுத்து வைத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பம் திரும்பி வந்தபோது அரசாங்கம் கொடுத்தது. நான் பேனாவைத் திறந்தேன்.

"தாத்தாவோட அப்பா பேரு என்னங்கப்பா?"

"எந்தத் தாத்தாவுக்கு?"

"முத்துக்கருப்பன் தாத்தாவுக்குத்தான்."

"அவரு என்னயப் பெத்தவரு இல்லியே தம்பி. எங்கப்பா பேரு சடையன். அவரும் அம்மாவும் அங்கயே போய்ச் சேந்துட்டாங்க. அப்ப எனக்கு எட்டு வயசு. தோட்டத்து லயத்துல, ஒரே வரிசையில அடுத்த காம்பரா வீட்டுக்காரருதான் முத்துக்கருப்பன். 'இவனும் எம் மவன்தான்'னு பாஸ்போர்ட்டுல எழுதிக் கூட்டியாந்தாரு. இல்லாட்டி என்னய யாரு கப்பல்ல ஏத்துவா?"

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கலியே. அங்க போயி பேரு வெக்கிறப்பவும் கேக்கல."

காபி ஆற ஆறக் கேட்ட அத்தனை முகங்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பெயரை மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சடையன் என்றால் பலகையில் தாராளமாக அடங்கும் என்றும் தோன்றியது. பெற்ற தாத்தாவைப் பற்றி எனக்கு முதலில் தோன்றியது அதுதான். வெட்கமாக இருந்தது.

மறுநாள் பந்தலூரிலிருந்து செல்வி அத்தை வந்தார். அவர் முத்துக்கருப்பனுக்கு ஒரே மகள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்த வழியில் அத்தை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய அப்பா பெயரை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று நியாயஸ்தனைப்போல் சொன்னேன்.

"அங்க கதவுல எங்கப்பா பேரா எழுதியிருக்க?"

போனில் படத்தைக் காட்டினேன். அத்தைக்கு ஆங்கில எழுத்து தெரியாது. நான் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் காட்ட, அவர் விரலும் பின்னாலேயே வந்தது.

"எம் புள்ளைங்க எல்லாம் அதுங்க அப்பன் பேரத்தான போடுதுங்க. இங்க ஒரு ரேஷன் கார்டுல கூட எங்கப்பா இல்ல. எடுத்துராத சாமி" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

நெதர்லாந்து திரும்பி வந்து, வம்சாவளித் தாளின் கட்டத்தில் சடையன் என்று எழுதியதை யானிடம் காட்டினேன். முத்துக்கருப்பன் யார் என்று கேட்டார். அப்பாவைக் கப்பலேற்றியவர் என்றேன். "அப்படியானால் உறவில்லை?" என்றார். "இல்லை, ஆமாம்" என்றேன். என் டச்சுதான் சரியில்லை என்று நினைத்து, பொறுமையாக இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் அதையேதான் சொன்னேன்.

இப்போது கதவில் முத்துக்கருப்பன் தாராளமாக அடங்கும் நீளமான பலகை. தினமும் காலையில் சடையனின் கொள்ளுப்பேத்தி முத்துக்கருப்பனைத் தாண்டிப் பள்ளிக்குப் போகிறாள். பந்தலூரில் மழை பிடித்துக்கொண்டால் அத்தை போனில் கேட்பார்: "அங்கயும் மழையா? எங்கப்பா நனையிறாரா?" இங்கே மழை பெய்யாத நாள் ஏது? போனைக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்து, சட்டைக் கையால் பலகையைத் துடைத்துவிட்டு, "இல்ல அத்தை" என்கிறேன்.