திருவுளச் சாப்பாடு

எங்கள் வீட்டில் பஃபே என்ற சொல் புழக்கத்தில் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருந்தாலும் சரி, ஓட்டல் வாசலில் எழுதிப் போட்டிருந்தாலும் சரி, நாங்கள் திருவுளச் சாப்பாடு என்றுதான் சொல்வோம். என் கணவர் முதல் தடவை இதைக் கேட்டபோது ஏதோ கோயிலில் போடும் சாப்பாடு என்று நினைத்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரை அப்படியேதான் கூட்டிக்கொண்டு போனோம்.

அந்தப் பெயர் அம்மாவால் வந்தது. அது வந்த ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு ஒன்பது வயது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும்.

அப்பா அப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பஸ் டிரைவர். விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு புதுச்சேரி முழுக்கச் சுற்றி, வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் அதே மாதிரி கொண்டுவந்து இறக்குவார். கழுத்துப் பட்டையில் கைக்குட்டை செருகிய காக்கிச் சட்டையோடு அவர் அந்த உயரமான இருக்கையில் ஏறி உட்காருவதைப் பார்த்தால், பஸ்ஸே அவருடையது என்று தோன்றும். எனக்கு வெகுநாள் அப்படித்தான் எண்ணம்.

அவருக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்பெனி டாக்டர் இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு தடவையும் உதட்டைப் பிதுக்கிவிட்டார். நாற்பது பேரை வைத்து ஓட்டுகிற ஆள் நடுரோட்டில் மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது, இன்னொரு தடவை இப்படி வந்தால் வண்டியைத் தர முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த இன்னொரு தடவைக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில். எனக்கு இந்த விவரமெல்லாம் பின்னால்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: திங்கட்கிழமை அப்பாவுக்கு ரத்தப் பரீட்சை. அதில் அவர் பாஸாக வேண்டும்.

அம்மாவுக்கு அப்பாமேல் நம்பிக்கை கிடையாது. மற்ற வீடுகளில் புருஷன் உள்ளே வந்ததும் சாராய வாசனை வருகிறதா என்று மோப்பம் பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் மோப்பம் இனிப்பின் ஏலக்காய் வாசனைக்கு. அப்பாவின் சட்டைப்பையை வெளியே இழுத்துப் புரட்டி, தையல் மூலையில் ஒட்டிய துணுக்கை நகத்தால் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோவாள். ஒரு தடவை அது வெறும் பீடித் தூள் என்று தெரிந்து, “நல்லவேள, பீடிதான்” என்று நிம்மதியாகச் சட்டையைத் துவைக்கப் போட்டாள்.

இப்படிப்பட்டவள் பரீட்சைக்கு முதல்நாள் அப்பாவை ஓட்டலுக்கு எப்படிக் கூட்டிக்கொண்டு போனாள் என்றால், அதற்குச் சித்தப்பாவும் பிரெஞ்சும் காரணம்.

சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலையாக இருந்தார். ஆகஸ்டில் லீவுக்கு வருவார். அந்த வருடம் தனியாக வந்திருந்தார். புதிதாகத் திறந்த ஓர் ஓட்டலுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போவதாக அம்மாவிடம் சொன்னார்.

“ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் ரெடியா இருங்க அண்ணி. அ வொலோந்தே சாப்பாடு.”

அம்மா கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தவள். பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேச வராது. ஆனால் பூசையில் சொல்லும் பரலோக மந்திரத்தைப் பிரெஞ்சில் ஒரே மூச்சில் சொல்லுவாள். அதில் ஒரு வொலோந்தே வருகிறது. தமிழில் அந்த இடத்தில் உமது திருவுளம் என்று வரும். ஆகவே அவளுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. திருவுளப்படி நடக்கும் சாப்பாடு. அவர்கள் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட வேண்டும், இது வேண்டும் அது வேண்டும் என்று வாயைத் திறக்கக் கூடாது. அப்பாவுக்கு இதைவிடப் பத்திரமான இடம் ஊரில் உண்டா. யாரிடமும் ஒரு கேள்வி கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டாள்.

ஓட்டலில் ஏசிக் குளிர் காலிலிருந்து ஏறியது. அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து பரிமாறுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. எதிரே சுவரோரம் நீளமாக மேசைகள், அதன்மேல் மூடி போட்ட பெரிய பெரிய பாத்திரங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் சின்னதாக ஒரு நெருப்பு. ஜனங்கள் தட்டை ஏந்திக்கொண்டு தாங்களாகவே அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா தம்பி, அவங்கவங்களே எடுத்துக்கறாங்க?”

“அதான் அண்ணி வொலோந்தே. ஒங்க இஷ்டம். வேணுங்கறத, வேணுங்கற மட்டும்.”

“திருவுளம்ல?”

“திருவுளந்தான். ஆனா ஒங்க திருவுளம்.”

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கழுத்தைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா இனிப்பு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் பூசையில் எழுந்து போக முடியாது என்பதுபோல் அம்மா அங்கேயே உட்கார்ந்து யோசித்தாள். பிறகு என்னை இழுத்துக் காதில் சொன்னாள். அப்பா தட்டில் இனிப்பு விழுந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும். எத்தனை என்றும் சொல்ல வேண்டும். நான் தலையை ஆட்டினேன். அதற்கு முன்னால் யாரும் எனக்கு ஒரு வேலையை இவ்வளவு நம்பிக் கொடுத்ததில்லை.

மேசைமேல் முக்கோணமாக ஓர் அட்டை நின்றது. சித்தப்பா அதை எடுத்துப் படித்தார். எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தட்டில் மீதி வைத்தால் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று இருந்ததாம். “சரியாத்தான் போட்டுக்கறான்” என்றார். அங்கே அவருடைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மிச்சம் வைப்பதைத் தினமும் வழித்துக் கொட்டுகிறவர் அவர். சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் சட்டம் பேசுவது போலிருக்கும். “அவங்கவங்க தட்டுக்கு அவங்கவங்கதான் பொறுப்பு. பாப்பா, ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன்” என்றார்.

அம்மாவும் அப்பாவும் அந்த ஓட்டலைச் சந்தேகப்பட்டுக்கொண்டே சாப்பாட்டை எடுத்தார்கள். இவ்வளவு கொடுத்தால் இவன் எப்படிப் பிழைப்பான் என்பது அப்பாவின் கேள்வி. பஸ் இன்ஜினைத் திறக்கிற மாதிரி ஒவ்வொரு மூடியையும் தூக்கி, உள்ளே குனிந்து பார்த்து, மூடினார். அடியில் நெருப்பு எரிகிறதே, அப்படியானால் எப்போது சமைத்ததோ என்பது அம்மாவின் கேள்வி. கடைசியில் அவள் சோறும் ரசமும் ஒரு துண்டு வறுத்த மீனும் எடுத்துக்கொண்டாள். வீட்டில் நாங்கள் சாப்பிடுவதும் அதுதான். அப்பா ஒரு சப்பாத்தி, கொஞ்சம் கீரை, வெள்ளரிக்காய். தட்டை அம்மாவுக்கு நேராக நீட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அம்மா அந்தக் கீரையைக் கரண்டியால் கிளறிப் பார்த்தாள், அடியில் ஏதாவது ஒளித்திருக்கிறாரா என்று.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பணியாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நடந்தார். அவர் ஆளைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார்.

என்னை யாரும் பார்க்கவில்லை. வேலை கிடைத்த மும்முரத்தில் இனிப்பு மேசைப் பக்கம் போனேன். காவலுக்கு அதுதானே சரியான இடம். நின்ற இடத்தில் சும்மா நிற்பானேன் என்று ஒரு குலாப் ஜாமூன் எடுத்தேன். இன்னொன்று. பாகு ததும்பும் அந்தக் கரண்டி எனக்குப் பிடித்துப் போய்விட்டது. ஒன்பது ஜாமூன். அதன் பக்கத்தில் கேரட் அல்வா, அதன்மேல் ஒரு துண்டு அன்னாசிப்பழக் கேக். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன். வரும்போதே அம்மா கேட்டாள், இதெல்லாம் யாருக்கு என்று. எனக்குத்தான் என்றேன். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா வெள்ளரிக்காயைக் கடித்தார்.

இரண்டாவது ஜாமூனோடு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கேக்கையும் கொஞ்சம் அல்வாவையும் கஷ்டப்பட்டு உள்ளே தள்ளினேன். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா கை கழுவ எழுந்து போனாள். சித்தப்பா காப்பி எடுக்கப் போனார். வெள்ளைச் சட்டைக்காரர் எங்கள் மேசையை ஒட்டி ஒரு தடவை நடந்து போனார். திரும்பி வரும்போது கொஞ்சம் மெதுவாக வந்தார். அவர் கண் என் தட்டில் இருந்தது.

அப்பா குனிந்து கேட்டார்.

“முடியலயா?”

“முடியலப்பா.”

“அந்தாளு பாக்கறாரா?”

“பாக்கறாரு.”

அப்பா என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன் காலித் தட்டை என் பக்கம் தள்ளினார். கை கழுவுகிற இடத்துக் கதவின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு, பார்க்காமலேயே ஒரு ஜாமூனை எடுத்து வாயில் போட்டார். மாத்திரை விழுங்குகிற மாதிரி முதல் இரண்டும் போயின. மூன்றாவது கொஞ்சம் நின்று போனது. நான்காவதை அவர் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பாகு உதட்டோரம் வழிந்தது, அதை நாக்கால் எடுத்துக்கொண்டார். முதல் இரண்டையும் அவர் எனக்காகச் சாப்பிட்டார் என்று கோயிலில் நின்றுகூடச் சொல்வேன். மற்ற ஐந்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

கடைசியாக அல்வாவை வழித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள். உட்காரவில்லை. தட்டைப் பார்த்தாள், அப்பாவின் மீசையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீ இங்கதான இருந்த? யார் சாப்ட்டது?”

இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். நான் பொய் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தேன்.

“அப்பாதாம்மா. ஏழு ஜாமூன். கொஞ்சம் அல்வா.”

சித்தப்பா காப்பியோடு வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“இன்னாண்ண, நாளைக்கி டெஸ்ட்ட வெச்சிக்கினு. நா அப்பவே சொன்னேனே, அவங்கவங்க தட்டுக்கு அவங்கவங்க பொறுப்புன்னு.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அவர் பார்ப்பார் என்று நான் காத்திருந்தேன். துணியால் மீசையைத் துடைத்துக்கொண்டு, “ஆமாண்டா, என் தட்டுதான். ஆச வந்துடுச்சி” என்றார்.

வெள்ளைச் சட்டைக்காரர் வந்து வழித்த தட்டைப் புன்னகையோடு எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே வந்ததும் அப்பா, நீங்கள் ஆட்டோவில் போங்கள், நான் நடந்து வருகிறேன் என்றார். ஆகஸ்ட் வெயில். கடற்கரைச் சாலையில் அந்நேரத்துக்கு ஒரு காக்காய்க் குஞ்சுகூட இல்லை. ஆட்டோவிலிருந்து திரும்பிப் பார்த்தேன். கைகளை வீசி வீசி, யாரோ துரத்துகிற மாதிரி வடக்கே நடந்துகொண்டிருந்தார். சாயங்காலம் வரை வீட்டுக்கு வரவில்லை. குருசுக்குப்பம் வரைக்கும் போவதும் திரும்புவதுமாக நடந்தார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அம்மாவுக்குப் பயந்து வெளியே சுற்றுகிறார் என்று நான் நினைத்தேன். வந்ததும் அம்மா பாகற்காய்ச் சாறு கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் குடித்தார். திட்டு எப்போது விழும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருந்தேன். விழவில்லை. இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் எதையோ மறைக்கிறார்கள் என்று அப்போதே எனக்குப் பட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் தெருமுனைக்குப் போய் நின்றேன். பரீட்சை எழுதிவிட்டு வருகிறவரை முதலில் பார்ப்பது நானாக இருக்க வேண்டும். பஸ் வந்தது. அந்த உயரமான இருக்கையில் மீசை சரியாக முளைக்காத ஓர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வண்டியை நிறுத்தத் தெரியாமல் கொஞ்சம் தள்ளிப்போய் நிறுத்தினார். எல்லாரும் இறங்குகிற படிக்கட்டில், எல்லாருக்கும் பின்னால், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா இறங்கினார். இறங்கி நின்று, திரும்பிப் போகிற பஸ்ஸைத் தெரு திரும்பும் வரை பார்த்தார்.

“ஏம்ப்பா, நீ ஓட்டல?”

“உக்காந்துக்கினு வந்தா போதும்னுட்டாங்கம்மா.”

“எந்த சீட்டுல?”

அப்பா சாப்பாட்டுப் பையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

“ஜன்னல் சீட்டு.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா பாஸாகிவிட்டார். ஏழு ஜாமூன் சாப்பிட்டும் பாஸாகிவிட்டார். நான் சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை. அவர் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன். சமையலறையில் அம்மா அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன், அப்பாவுக்கு இனிமேல் வேறொருவர் வண்டி ஓட்டுவார், அப்பா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வருவார் என்று.

அம்மா கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். கரண்டியை வைக்க இடம் தெரியாதவள்போல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் சீட்டு கிடைத்த வீட்டில் ஒருத்தி எதற்காக இப்படி நிற்க வேண்டும் என்று நான் அவளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.