சுத்தியலுக்காகக் காத்திருந்த மாமா

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதே கம்பெனியில் புகார் போன்களை எடுப்பவன் நான். மேல்மாடிக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைத் திட்டும் நேரத்தில், மாமா மொட்டை மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து போனில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆபீசில் அவருக்குச் சுத்தியல் என்று பெயர். கோபத்தில் வைத்தவன் நான்தான்.

பங்கு ஒன்றின் ஒரு நாள் விலையை மெழுகுவர்த்தி மாதிரி வரைவார்கள். தொடங்கிய விலைக்கும் முடிந்த விலைக்கும் நடுவே தடித்த உடம்பு. அன்று தொட்ட உச்சமும் பள்ளமும் மேலும் கீழும் மெல்லிய திரி. ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. நாள்கணக்கில் இறங்கிய பங்கு, ஒருநாள் பாதாளம் வரை போய்விட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து முடிந்தால், குட்டித் தலையும் நீளக் கைப்பிடியுமாக ஒரு சுத்தியல் தெரியும். இனி விலை திரும்பும் என்பதற்கு அது அடையாளமாம். மாமா சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

படித்ததோடு விட்டாரா? அக்கா துணி தைத்துச் சேர்த்த பணத்தைப் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றின் பங்கில் போட்டார். கேட்டுத்தான் போட்டார், பாவம், அவளும் தலையாட்டினாள். தெருமுனையில் ஒரு கடை அறையை அக்கா பார்த்து வைத்திருந்தாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மெஷினைப் போட்டுத் தைப்பவளுக்கு அது அரண்மனை. அட்வான்ஸுக்கு மாதக் கடைசி வரை பொறுப்பதாகக் கட்டடக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் பணம் கொஞ்சம் பெருகட்டுமே என்பது மாமாவின் கணக்கு. வாங்கிய மறுநாளே பங்கு வழுக்க ஆரம்பித்தது.

ஒருநாள் மதியம் அக்காவுக்குப் போன் போட்டு, "சுத்தியல் வந்துடுச்சு, நாளையிலேர்ந்து ஏறும்" என்றிருக்கிறார். சந்தை மூட இன்னும் நேரம் இருந்தது. நாள் முடியாமல் மெழுகுவர்த்தி முடியாது என்று எனக்குப் பாடம் எடுத்ததே அவர்தான்! மூடியபோது சுத்தியலைக் காணோம். நெடுக ஒரு சிவப்புக் கட்டைதான் நின்றது. அடுத்த வாரமும் இதே கூத்து. அக்கா இரண்டு தடவையும் நம்பி, கட்டடக்காரரிடம் போய் "நாளைக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோட்டார் அறைக்கே ஏறிப் போனேன்.

"மாமா, கிடைச்சதை எடுத்துக்கிட்டு வெளியே வாங்க. மிச்சத்தை நான் போடறேன்."

"மச்சான், இத்தனை வருஷமா லிஃப்ட் பாக்கறேன். கீழ போனது மேல வந்துதான் ஆகணும்."

"லிஃப்ட்டுக்கு அந்தப் பக்கம் எடை தொங்குது, அதான் வருது. உங்க பங்குக்கு என்ன தொங்குது?"

அவர் முகம் சுருங்கியது. "நஷ்டத்துல வித்துட்டு உங்க அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

எரிச்சலோடு திரும்பினேன். லிஃப்ட்டை இன்னும் ஓட விட்டிருக்கவில்லை. அத்தனை மாடியும் நடந்தே இறங்கினேன்.

மாதக் கடைசிக்குச் சில நாள் முன்னால் நிஜமாகவே சுத்தியல் வந்தது. இந்த முறை மாமா சந்தை மூடும்வரை வாயைத் திறக்கவில்லை. மூடியபோதும் அது சுத்தியலாகவே நின்றது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் பச்சை. அப்போதும் அக்காவிடம் மூச்சு விடவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், பணம் கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டார். போட்ட விலையைத் தாண்டியதும் விற்றார். மனுஷன் படித்ததெல்லாம் அந்த ஒரு தடவை அப்படியே பலித்தது.

பணம் வந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். "திரும்பிடுச்சும்மா! கிளம்பு, அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துடலாம்."

அக்கா மெஷினிலிருந்து நிமிரவில்லை. "நேத்தே அவர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேங்க. எத்தனை தடவைதான் நாளைக்கு நாளைக்குன்னு போய் நிக்கறது? வெக்கமா இருந்துச்சு. காலையில வேற ஆளுக்கு விட்டுட்டாராம்."

அவள் தைத்துக்கொண்டிருந்தது கடை வாசலுக்கென்று வாங்கி வைத்த திரைத்துணி. அதை வெட்டித் தலையணை உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு நாலஞ்சு நாளாவே தெரியும்மா. இந்தத் தடவை நிச்சயமாகட்டும்னுதான் சொல்லல."

"சொல்லியிருந்தா மட்டும்," என்றாள் அக்கா, "நான் நம்பியிருப்பேனா?"