கரடியக்கா

நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், பாத்திரம் கிடைக்கும், செடியுமா கிடைக்கும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செடியும்தான் கிடைக்கும். வங்கி வரவேற்பறையின் மூலையிலோ வக்கீல் ஆபீஸ் மாடிப்படியின் திருப்பத்திலோ பளபளவென்று ஒரு தொட்டிச் செடி நின்றால் அது அநேகமாகச் செடியக்காவின் சரக்காகத்தான் இருக்கும். வாரம் ஒரு தடவை வேனில் வந்து இறங்குவாள். இலையைத் துடைப்பாள். சுட்டுவிரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரைக்கும் இறக்கிப் பார்ப்பாள். ஈரம் தட்டுப்பட்டால் சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். "மேல பாத்தா ஒண்ணும் தெரியாது" என்பது அவளுடைய பல்லவி. அந்த விரல் நகத்தில் எப்போதும் மண் இருக்கும்.

அவளுக்குச் செடி என்றால் உயிர் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. செடி அவளுக்குப் பிழைப்பு, அவ்வளவுதான். அவள் வீட்டில் பேருக்குக்கூட ஒரு தொட்டி கிடையாது. நாள் முழுக்க ஊர்ச் செடிகளுக்கு ஊழியம் பார்த்துவிட்டு வீட்டிலும் வாளி தூக்க அவளுக்கென்ன பைத்தியமா?

ஊழியம் செடிகளோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அம்மா போன பிறகு தங்கைக்குத் தலை பின்னிவிட்டது, காய்ச்சலில் கண்விழித்தது, படிக்கவைத்தது, கல்யாணம் பண்ணிவைத்தது எல்லாம் அக்காதான். இப்போது அந்தத் தங்கை வேனில் அவளுக்கு உதவியாக வருகிறாள். மாப்பிள்ளை பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறவன், நல்ல பையன். ஆனால் வீட்டில் குழாய் ஒழுகினாலும் வயிறு வலித்தாலும் இரண்டு பேர் வாயிலும் வருவது ஒரே வாசகம்தான்: அக்கா இருக்காங்கல்ல.

இந்த இரண்டு பேரும் சனிக்கிழமை மத்தியானமானால் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு ஓடிவிடுவார்கள். அங்கே பொய்ப்பல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார் பல்லண்ணன். மத்தியானத்தோடு வேலையை ஏறக்கட்டிவிட்டு, மேஜையில் படிந்த பல்லச்சு மாவைத் துடைத்துப் போட்டு, கதையாட்டம் ஆரம்பிப்பார். ஒரு மாயக்காடு, அதற்குள் போகும் ஒரு கூட்டம். கூட்டத்தில் ஆளுக்கொரு வேஷம் எடுக்க வேண்டும். வழியில் என்ன வந்தது என்று பல்லண்ணன் சொல்வார், என்ன செய்கிறாய் என்று கேட்பார், மிச்சத்தைப் பகடை சொல்லும். தங்கை திருடி. மாப்பிள்ளை வாள்வீரன். இரண்டு பேரும் வாராவாரம் போய் வாராவாரம் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு அக்கா ஞாபகம் வந்தது.

கூப்பிட்டதும் செடியக்காவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அந்த வாரம் முழுக்க வேனில் தங்கையைத் துளைத்தெடுத்தாள். கோடரி வேஷம் உண்டா, எதிரில் வந்ததையெல்லாம் வெட்டலாமா, வாய்விட்டுக் கத்தலாமா? எல்லாம் உண்டு என்று தங்கை சொல்ல, அக்கா மனசுக்குள் கோடரிக்காரியாகவே ஆகிவிட்டாள். யாருக்கும் எதுவும் பார்க்க வேண்டாத ஒரு மத்தியானம் அவளுக்கு வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

போய் உட்கார்ந்தால், மேஜைமேல் அவளுக்கென்று ஒரு பொம்மை தயாராக நின்றது. பல்லச்சு மாவில் வார்த்த உடம்பு, ஈறு செய்யும் ரோஸ் கலர் பிளாஸ்டிக்கில் தலைக்குப் பூ, கையில் குட்டித் தொட்டி. இதுக்குப் பேர் ட்ரூயிட், காட்டு மந்திரக்காரி, பச்சிலை போட்டு எல்லார் காயத்தையும் ஆற்றுவாள் என்று பல்லண்ணன் பெருமையாக விளக்கினார். அக்கா இருந்தா எங்களுக்குச் சாவே இல்ல என்றான் மாப்பிள்ளை.

அவளுக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமையிலுமா? இதுதான் கதி என்றால் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டியது, இந்தப் படியை இனி மிதிப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டாள். ஆனாலும் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்த மனுஷனின் முகத்தைப் பார்த்ததும் எழுந்திருக்க மனசு வரவில்லை. காட்டு சம்பந்தமாக வேறு வேஷம் உண்டா என்று கேட்டுவைத்தாள். ரேஞ்சர் உண்டு, வில் பிடிக்கலாம், கூடவே ஓநாய் ஒன்று வளர்க்கலாம் என்றார். இன்னொரு ஜீவனுக்குச் சோறு வைக்க அவள் தயாராக இல்லை. இந்தப் பூக்காரி வேறென்னதான் செய்வாள் என்று கேட்டாள். நினைத்த மிருகமாக மாறலாம், கரடியாகக்கூட, என்றார் பல்லண்ணன்.

"கரடியா இருக்கறப்ப காயத்துக்கு மருந்து போட முடியுமா?"

"அது முடியாது. கரடி வாயில மந்திரம் வராதே."

"அப்ப இதையே எடுத்துக்கறேன். இப்பவே கரடி."

தங்கையும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரடிப் பொம்மை கைவசம் இல்லாததால், யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை அச்சை எடுத்துப் பூக்காரி இருந்த இடத்தில் நிறுத்தினார் பல்லண்ணன்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கதவைத் திறந்து பார்ப்போம் என்றால் உடைப்பாள். பூதத்தோடு பேசிப் பார்ப்போம் என்று மாப்பிள்ளை சொல்வதற்குள் பூதம் பள்ளத்தில் கிடக்கும். அவள் உறுமிய உறுமலில் பக்கத்து அறை தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த மேஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் அவரவர் உயிர் என்பது பேப்பர் கப்பில் போட்ட பொய்ப்பற்கள். அடி விழுந்தால் ஒரு பல்லை எடுத்து நடுத்தட்டில் போட்டுவிட வேண்டும். கடைசிப் பல்லும் போனால் ஆள் காலி. அவரவர் பல் அவரவர் பொறுப்பு. அடுத்தவர் கப்பை எட்டிப் பார்க்கக் கூடாது.

குகைக்குள் ராட்சதத் தேள் ஒன்று மடக்கியது. மற்ற இரண்டு பேரும் பின்பக்கம் வழி தேடட்டும் என்று கரடி வாசலை அடைத்து நின்றது. கொட்டுக்கு ஒரு பல்லாக அவள் கப்பிலிருந்து சத்தமில்லாமல் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் பல்லண்ணன் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்றாள் கப்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டு. அத்தனை வருஷமாக யார் கேட்டாலும் சொன்ன பதில், கரடியானாலும் அதுவே வாயில் வந்துவிட்டது.

மாப்பிள்ளையோ ஊரைக் கூட்டினான். என்கிட்ட நாலு பல்லுதான் இருக்கு, செத்துருவேன் என்று ஒரே புலம்பல். கூட்டத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மருந்துக் குப்பி, குடித்தால் போன பற்கள் திரும்ப வரும். அது திருடியிடம் இருந்தது. தங்கை அதை அவன் பக்கம் நகர்த்தப் போனவள், அக்காவின் கையைப் பார்த்தாள். கப்பை மூடியிருந்த கை. சட்டென்று அதைத் தள்ளிவிட்டு, சுட்டுவிரலைக் கப்புக்குள் விட்டாள். இரண்டாவது கணு வரை இறங்கியது விரல். அடியில் ஒரே ஒரு பல்.

கப்பைத் தொட்டது தப்பு, அதற்குத் தண்டனையாகத் தேள் உன்னைக் கொட்டும் என்றார் பல்லண்ணன். கொட்டட்டும் என்றாள். குப்பியை அக்கா முன்னால் வைத்து, தட்டிலிருந்து பற்களை அள்ளி அள்ளி அவள் கப்பில் போட்டாள்.

"உனக்கு வேணுமேடி. நீ என்ன பண்ணுவ?"

"அதை நான் பாத்துக்கறேன்க்கா. நீ பேசாம கரடியா இரு."

நான் பாத்துக்கறேன் என்ற வார்த்தையை அந்த வீட்டில் இதுவரை அக்கா மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்டதும் அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பகடையை எடுத்து உருட்டினாள். என்ன விழுந்தது என்று பல்லண்ணன்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.