எண்ணாமல் எழுதிய இருபது

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. சத்தியவேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தால்கூட நிழற்குடைக்கும் பெட்டிக்கடைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பேன். "கால்ல சக்கரத்த கட்டிக்கினு பொறந்திருக்குது பாரு" என்று நைனா திட்டுவார். நர்ஸ் வேலைக்கு இந்தக் கால் தோதானது என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். வார்டில் ஓடிக்கொண்டே இருக்கலாமே.

திருப்பதியில் நர்சிங் நாலாம் வருஷம் படித்தபோது எங்களைப் பிரசவ வார்டில் போட்டார்கள். அது எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். எங்கள் கையில் லாக் புக் என்று ஒரு பதிவேடு உண்டு. நாமே கையுறை மாட்டி, நாமே குழந்தையை ஏந்தி வாங்கிய ஒவ்வொரு பிரசவத்தையும் அதில் எழுதி, பாடம் நடத்தும் மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். கணக்கு முடியாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. எனக்கு ஒன்று குறைந்தது. சனிக்கிழமையோடு வார்டு முடிகிறது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வலி எடுத்து வருகிற பெண்களை, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம். இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இந்த நெருக்கடியில் அன்று காலை என்னிடம் ஒரு நோயாளியை ஒப்படைத்தார்கள். நகரி ஊர்க்காரி, விசைத்தறி ஓட்டுகிறவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். முந்தின நாள் பிரசவம் ஆகி, ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்துவிட்டது. வலிப்பு திரும்ப வராமலிருக்க நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெக்னீசியம் ஊசி. அந்த மருந்தில் ஒரு வில்லங்கம் உண்டு. உடம்பில் கூடிப்போனால் மூச்சையே அமுக்கிவிடும். அதனால் மணிக்கொரு தரம் மூச்சை எண்ணி எழுத வேண்டும். நிமிஷத்துக்குப் பதினாறுக்குக் கீழே போனால் அடுத்த ஊசி கிடையாது. இதைப் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவள் நான்.

காலையில் அவள் நன்றாகத்தான் பேசினாள். "ஏம்மா, நம்ம பாஷ பேசறியே, எந்த ஊரு?" என்று கேட்டாள். சொன்னேன். "கொழந்தய எப்போ கண்ணுல காட்டுவாங்க?" என்றாள். குழந்தை வேறு வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. "சாயந்திரம் கேட்டு சொல்றேன்கா" என்றேன். என் காது முழுக்கப் பிரசவ அறையின் பக்கம்தான் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் யாரும் மூச்சை எண்ண மாட்டோம். நாடிக்கு அரை நிமிஷம் மணிக்கட்டைப் பிடித்தால் போதும், இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். மூச்சுக்கு முழு நிமிஷம் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் வருஷத்திலேயே சீனியர் அக்கா ஒருத்தி வழி சொல்லிக் கொடுத்துவிட்டாள். "கண்ண மூடிக்கினு இருபது போடு. கொறச்சுப் போட்டா ஏன் கொறஞ்சுதும்பாங்க, கூட்டிப் போட்டா ஏன் கூடுச்சும்பாங்க. இருபத எவளும் கேக்க மாட்டா." உண்மைதான், ஒருத்தரும் கேட்டதில்லை. வார்டில் சிரிக்கிறவள், அழுகிறவள், குறட்டை விடுகிறவள் எல்லோருக்கும் இருபது.

எட்டு மணிக்கு இருபது எழுதினேன். ஒன்பது, பத்து, பதினொன்றுக்கும் அதே. பதினொன்றுக்கு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், தூங்கட்டும் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணி ஊசிக்கு முன்னால் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தபோது என் தோழி வாசலில் வந்து நின்றாள். "தல தெரியுதுடி! வர்றியா, இல்ல நானே பிடிச்சுக்கட்டா?" நான் இருபது என்று கிறுக்கிவிட்டு ஓடினேன்.

கையுறை மாட்டிக்கொண்டு நின்றேன். பிரசவ மேஜையில் இருந்த பெண் வாயைத் திறந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அறையே அந்தச் சத்தத்தால் நிறைந்திருந்தது. அதைக் கேட்கக் கேட்க என் நினைப்பு வார்டுக்குப் போனது. சற்றுமுன் நகரிக்காரியின் கையைப் பிடித்தபடி நின்றேனே, அரை நிமிஷம், அப்போது அவள் மேல் கிடந்த போர்வை அசைந்ததா? எத்தனை தடவை? ஒரு தடவை அசைந்தது ஞாபகம் இருந்தது. இன்னொன்று? ஞாபகம் வரவில்லை.

"ஏய், எங்கடி போற?" என்று தோழி கத்தினாள். கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன்.

வார்டில் சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றி முடித்திருந்தார். "டைம் அயிந்தி, டோஸ் இச்சேஸ்தா" என்று, நேரமாச்சு, ஊசியைப் போட்டுவிடுகிறேன் என்பதைத் தெலுங்கில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போர்வையை விலக்கினார். "சிஸ்டர், ஆகண்டி! போடாதீங்க!" என்று இரண்டு பாஷையும் கலந்து கத்தினேன். கடிகாரத்தைப் பிடித்து முழு நிமிஷம் நின்றேன். என் வாழ்க்கையில் நான் அசையாமல் நின்ற நிமிஷம் அதுதான். பதினொன்று.

நரம்பு வேலை செய்கிறதா என்று சிஸ்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை. டாக்டரம்மா ஓடிவந்தார், ஆக்ஸிஜன் வைத்தார்கள். மேடமும் வந்துவிட்டார். "நல்ல வேளை, நீ பாத்தம்மா" என்று சிஸ்டர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். டாக்டரம்மா என் தாளை எடுத்து வரிசையாகப் படித்தார். "இருபது, இருபது, இருபது, இருபது. பன்னண்டுக்கும் இருபது. அஞ்சு நிமிஷத்துல பதினொண்ணுக்கு விழுந்திருக்கு. மருந்தா இருந்தா கொஞ்சங் கொஞ்சமா இல்ல கொறஞ்சிருக்கணும்? தலைக்குள்ள ரத்தம் கசியுதோ என்னவோ. ஸ்கேனுக்குத் தூக்குங்க."

ஐயோ, என் இருபதை நம்பி அவளை அந்த நிலையில் ஸ்கேனுக்குத் தூக்கப் போகிறார்கள். சக்கரக் கட்டிலை இழுத்து வந்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குப் பாராட்டு. வாயைத் திறந்தால் நாலு வருஷப் படிப்பு என்ன ஆகும் என்று தெரியாது. அந்த யோசனை எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"மேடம், காலையிலேர்ந்து நான் எண்ணவே இல்ல."

"எந்த வேளை எண்ணல?"

"ஒரு வேளையும் எண்ணல மேடம்."

ஒருத்தருக்கும் என்னைத் திட்டக்கூட நேரமில்லை. டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "அப்ப மருந்துதான். கால்சியம் எடுங்க, சீக்கிரம்." மெக்னீசியத்தை முறிக்கிற கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றினார்கள். நான் கட்டில் பக்கத்திலேயே நின்று எண்ணினேன். பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஏறி, இரண்டு மணிக்குப் பதினாறு ஆனது. மேடம் தாளை நீட்டினார். எங்கள் முறைப்படி தப்பை அழிக்கக் கூடாது. ஒவ்வொரு இருபதின் மேலும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எண்ணவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். ஐந்து தடவை. அந்தப் பிரசவம் தோழியின் லாக் புக்கில் ஏறியது. என்னை அடுத்த மாதம் முழுக்க அதே வார்டில் திரும்பப் போட்டார்கள். அந்தத் தண்டனை கொஞ்சம் என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் காலை அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்து மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பதுபோலப் பிடிக்க வேண்டும் என்பார்கள். ஆனால் எனக்குத்தான் மறைத்துச் செய்ய வரவில்லை.

"இன்னாம்மா அப்டி பாத்துக்கினு நிக்கற?"

"உங்க மூச்ச எண்ணிக்கினு இருக்கேன்கா."

"எவ்ளோ?"

"பதினெட்டு."

"நேத்து?"

"மத்தியானம் பதினொண்ணுக்கு எறங்கிடுச்சு."

"அதுக்கு முன்னாடி?"

யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லாமல் போயிருக்கலாம். என் கால் ஆட ஆரம்பித்தது.

"எண்ணலக்கா. எண்ணாமயே இருபதுன்னு எழுதிட்டேன். ஊசி போட இருந்தாங்க."

அவள் கோபப்படுவாள் என்று நின்றேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"அப்போ நீ எழுதின அந்த இருபது யாரு மூச்சும்மா?"