கருங்கல் டவரில் காணாமல் போனவை

ஜும்மா முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்த ஃபஹீம் போனை ஆன் செய்தான். சென்னை கண்ட்ரோல் ரூமிலிருந்து வரிசையாக அழைப்புகள் வந்து கிடந்தன. கருங்கல்லுக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கிற டவர் செத்துவிட்டதாம். மூன்று பக்கச் சிக்னலும் ஒன்றன்பின் ஒன்றாக.

"எலி கடிச்சாக்கூட ஒரு பக்கந்தான போகும்?" என்று முனகிக்கொண்டே பைக்கை எடுத்தான்.

தேங்காப்பட்டணத்துக்காரன். துபாயில் சில வருஷம் கேபிள் இழுத்துவிட்டு ஊரோடு வந்தவன். இப்போது மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களில் டவர் பராமரிப்பு வேலை. அவன் ஏறுகிற உயரத்தை மனைவி ஜஸீனா நினைத்துப் பார்க்கவே விரும்புவதில்லை. அவனுக்கோ மேலே காற்றில் நிற்பதுதான் பிடித்த இடம்.

டவரடியில் இரும்பு அலமாரியின் பூட்டு அப்படியே இருந்தது. திறந்து பார்த்தான். லைன் கரண்டை நாற்பத்தெட்டு வோல்ட்டாக மாற்றித் தரும் ரெக்டிஃபையரில் பச்சை விளக்கு. பேட்டரிகள் நிரம்பி நின்றன. ஜெனரேட்டருக்கு வேலையே வரவில்லை. யாருடைய பேச்சு எந்த வழியில் போகவேண்டும் என்று முடிவு செய்கிற பேஸ்பேண்ட் பெட்டியும் உயிரோடுதான் இருந்தது. அதிலிருந்து மண்ணுக்கடியில் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற ஃபைபரும் சரி. மேலே போகிற மூன்று ஃபைபருக்கு மட்டும் சிவப்பு.

துணைக்கு ஆள் வருகிறவரை ஏறக்கூடாது என்பது விதி. அவன் காத்திருக்கவில்லை. பெல்ட்டை மாட்டி ஏறினான்.

உச்சியில் நீளமான வெள்ளை ஆன்டெனாக்கள் எப்போதும்போல மூன்று திசையைப் பார்த்து நின்றன. கீழிருந்து யார் பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஆன்டெனாவுக்குப் பின்னாலும் சூட்கேஸ் அளவில் ஒரு ரேடியோ பெட்டி இருக்கவேண்டும். ஃபைபரில் வெளிச்சமாக ஏறிவரும் பேச்சை அலையாக்கி, வலுவேற்றி ஆன்டெனாவுக்குக் கொடுப்பது அதுதான். யாரோ ஒருவர் சட்டைப்பையிலிருக்கும் போனின் மெல்லிய அலையைப் பிடித்துக் கீழே அனுப்புவதும் அதுதான். அது இல்லையென்றால் ஆன்டெனா வெறும் பலகை.

மூன்று பெட்டிகளும் இல்லை.

வெட்டவில்லை, உடைக்கவில்லை. போல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியை எடுத்துவிட்டு, அதே போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கியிருந்தார்கள். தொங்கிய கேபிள் முனைகளில் மழைத்தண்ணீர் இறங்காதபடி டேப் சுற்றியிருந்தது. திருடன் செய்கிற வேலையா இது? இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஃபஹீம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

இறங்கி வந்தபோது தோட்டக்காரர் யேசுரத்தினம் டவரடியில் நின்றிருந்தார்.

"என்ன மக்கா, மறுபடியும் வேலையா? ஒங்க ஆளுவ இப்பந்தான எறங்கிப் போனாவ."

"எங்க ஆளுவளா? யாருண்ணே?"

"ஹெல்மெட்டு, பெல்ட்டு, கழுத்துல கார்டு எல்லாம் உண்டு. பெட்டிய மாத்தப் போறோம்ணு சொன்னாவ. நாந்தான் சாயா போட்டுக் குடுத்தேன். ரெண்டு பேரு புதுசு. மத்தது நம்ம அபிலாஷுல்லா!"

ஃபஹீமுக்குத் தலையில் ஏறவில்லை. "எந்த அபிலாஷு?"

"திருவட்டாத்துக்காரன், ஒனக்க கூட ஏறுவானே! ஒன்னையும் விசாரிச்சான். ஒம் புள்ளைக்குக் காய்ச்சல் கொறஞ்சுதாண்ணு கேட்டான்."

சில மாதம் முன்பு வேலையை விட்டு நின்றவன் அபிலாஷ். அதுவரை இரண்டு பேரும் ஜோடியாகத்தான் ஏறுவார்கள். ஒருநாள் ஆடிக்காற்றில் ஃபஹீமின் கால் வழுக்கியபோது கயிற்றை விடாமல் பிடித்து உள்ளங்கை பொசுங்கிப்போனவன். பெருநாளுக்கு அவன் வராமல் ஜஸீனா பிரியாணிச் சட்டியைத் திறந்ததில்லை.

போலீசுக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தான். டவரடியில் நிற்கிறான், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கருங்கல் ரோட்டு வளைவு வரை பைக்கை விரட்டியபிறகுதான் வேறொரு டவர் அவனைப் பிடித்தது. முதலில் அழைத்தது போலீசை அல்ல, அபிலாஷை. ஸ்விட்ச் ஆஃப். பிறகுதான் போலீசை அழைத்தான்.

மறுவாரம் மார்த்தாண்டத்தில் ஒரு பார்சல் ஆபீசில் போலீசார் அபிலாஷைப் பிடித்தார்கள். ஸ்பீக்கர் என்று பொய்யாக எழுதி, விற்பதற்காக டெல்லிக்கு அனுப்பக் கட்டிவைத்திருந்த பெட்டிகளோடு. அடையாளம் சொல்ல ஃபஹீமைக் கூப்பிட்டார்கள். ஸ்டேஷனில் அபிலாஷ் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"எதுக்குலே?" என்றான் ஃபஹீம்.

அபிலாஷ் தலை நிமிரவில்லை. "நீ ஜும்மாவுக்குப் போற நேரம் பாத்துத்தான் ஏறுனேன் மக்கா. நீ வந்து நிண்ணா என்னால பெட்டியக் கழத்த முடியாது."

அபிலாஷ் திட்டியிருந்தாலும் ஃபஹீம் தாங்கியிருப்பான். தன் தொழுகையைக்கூட இவன் கணக்கில் சேர்த்திருக்கிறான் என்பதுதான் நெஞ்சில் அடித்தது. இன்ஸ்பெக்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

பிடிபட்ட பெட்டிகள் வழக்கு முடிகிறவரை கோர்ட்டில் கிடக்கும். கம்பெனி புதுசு அனுப்பியது. டிஜோ என்கிற புது ஆளோடு ஃபஹீம் ஏறி மூன்றையும் மாட்டினான். பவர் கொடுத்து, கீழே சிவப்பெல்லாம் பச்சையானதும், மேலே நின்றபடியே சோதனைக்காக வீட்டுக்கு அடித்தான்.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது," என்றாள் ஜஸீனா. குரல் தாழ்ந்திருந்தது. "அபிலாஷ் அண்ணனுக்க பொண்டாட்டி அபிதா வந்திருக்கு. காலம்பறத்துலேருந்து வாசல்ல நிண்ணு அழுவுது. உள்ள வரமாட்டேங்குது. நான் என்ன சொல்லட்டும்?"

கீழே ரப்பர் மரங்கள் காற்றில் புரண்டன. லைன் போய்விட்டதோ என்று அவள் "ஹலோ, ஹலோ" என்றாள்.

"கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வா," என்றான். "மொதல்ல சோறு குடு. நான் வாறேன்."