பதினான்கு வகை

கஜலட்சுமிக்கு வாரம் ஒருமுறை உம்பாய் கடலோரச் சேற்றுக்கரைக்குப் போகாவிட்டால் சோறு இறங்காது. புக்கிட் காத்தில் என்ற ஊரிலுள்ள வீட்டிலிருந்து பழைய காரை உருட்டிக்கொண்டு போய், பறவை பார்த்து, நோட்டில் எழுதுவாள். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவள். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியை அங்கே ஒரு நாளும் வைத்திருந்ததில்லை. நோட்டிலும் அதே கறார்தான். உறுதியாகத் தெரியாத பறவையை எழுதினால் அது பொய்க்குச் சமம்.

உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகள்தான் அவளைப் படுத்தி எடுத்தன. சைபீரியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். இங்கே வரும்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எது எந்த வகை என்று பிரிக்க முடியாது. வாய் கொள்ளாத சிரிப்போடு பார்த்துக்கொண்டே இருப்பாள், ஒன்றையும் எழுதமாட்டாள். பதினேழு வருஷத்தில் கொக்கு, மீன்கொத்தி என்று பதினான்கு வகைதான் நோட்டில் ஏறின.

கரையில் மண் கொட்டி வீடு கட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அதற்கு முன் கரையை ஆய்வு செய்து அறிக்கை தரும் நிறுவனத்திலிருந்து நிவேந்திரன் என்ற இளைஞன் வந்தான்.

"ஆன்ட்டி, அங்க யாருமே ரெக்கார்ட் வெச்சதில்ல லா. உங்க நோட்டு கிடைக்குமா?"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கரை பிழைத்தது என்று நம்பி, எல்லா நோட்டுகளையும் பையில் போட்டுக் கொடுத்தாள்.

பதினான்கு வகை மட்டுமே, எல்லாம் சாதாரணமானவை, கரையைக் காக்க அவசியமில்லை என்று அறிக்கை வந்தது. ஆதாரம் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. ஆட்சேபம் கேட்கும் கூட்டத்துக்கு ஓடினாள். வாசல் மேசையில் நிவேந்திரன்தான் ஆட்சேபங்களை எழுதிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஆயிரக்கணக்குல உள்ளான் வருது. நான்தான் எழுதாம விட்டுட்டேன்."

"ஏன் ஆன்ட்டி?"

"என்ன வகைன்னு சரியாத் தெரியல."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வகைப் பேர் இல்லாட்டி எடுத்துக்க மாட்டாங்க. நாலஞ்சு உள்ளான் பேர் சொல்லுங்க. உறுதியாப் பார்த்தேன்னு சொல்லுங்க, போதும். மறுபடியும் சர்வே பண்ணச் சொல்லிக் கேக்கலாம்."

அவளுடைய பறவைப் புத்தகத்தில் நாற்பது உள்ளான் பெயர் இருந்தது, எல்லாம் மனப்பாடம். எதைச் சொன்னாலும் அந்த மண்டபத்தில் மறுக்க ஆளில்லை.

"உறுதியாத் தெரியாது, தம்பி."

அவன் பேனாவை மூடினான்.

டிசம்பரில் மண் லாரிகள் வந்தன. உள்ளான்கள் சேற்றில்தான் மேய்ந்துகொண்டிருந்தன. கஜலட்சுமி காரைவிட்டு இறங்கவில்லை. ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாமே பாவி என்று ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.